பச்சைத் தண்ணீரில் போன கறை

ஜூன் 28, 1995. புதன்

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்ததே இன்னும் கொடியில் ஈரமாக. மகள் கவிதாவின் பள்ளிப் பாவாடையை இஸ்திரி போட்டே உலர்த்தினேன். வீடெல்லாம் ஈர நாற்றம்.

உப்பு ஜாடி நீர் விட்டுக்கொண்டது. நாலு அரிசி போட்டேன். சர்க்கரை டப்பாவில் எறும்பு. கிராம்பு மூன்று உள்ளே. சாயங்காலம் பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

வீட்டுச் சொந்தக்காரம்மா ரத்னம்மா வந்தார், மகள் பையின் ஜிப் மாட்டிக்கொண்டது என்று. மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துக் கொடுத்தேன். ஓடியது. "ஏன்ம்மா சரோஜா, உன் கைல ஏதோ இருக்கு. என் மருமகளுக்கு ஒரு காப்பி போடவே கொத்தில்ல" என்றார். கன்னடக்காரர், எனக்காகத் தமிழ் பேசுவார். பாதியில் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். கொத்தில்ல என்றால் தெரியாது. காம்பவுண்டில் ஆறு குடித்தனம். எதில் கறை பட்டாலும், எது தீய்ந்தாலும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். இல்லையென்று எழுதினால் பொய்.

இவர் (வீட்டுக்காரர்தான், நோட்டில்கூடப் பேர் எழுதக் கை வரவில்லை) நாற்பத்திரண்டு வயதில் புதிதாக வெற்றிலை போட ஆரம்பித்திருக்கிறார். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தையே என் மடியில் போட்டுவிடுகிற மனிதர். இன்றைக்குச் சட்டைப் பையில் கர்சீப், அதில் சிவப்பாகக் கறை. கேட்டால், "மில்லுல அல்லாரும் போடறாங்க புள்ள. பஞ்சுத் தூசிக்குத் தொண்டை காயாம இருக்கும்." பதினோரு வருஷமாகப் பஞ்சடிக்கிற இடத்தில் நிரந்தரமில்லாத பதிலி ஆளாக நிற்கிறார். தூசி நேற்றுத்தான் வந்ததாக்கும்.

இன்னொன்றும் புதுசு. செம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிறார். "என்னங்க, திடீர்னு ஆசாரம்?" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

ஜூலை 10 மில்லில் டாக்டர் பார்க்கிறார். அதில் தேறினால் பர்மனென்ட். சொந்த ஊர் ஹனூரிலிருந்து இங்கே வந்தது முதல் இதற்காகத்தான் காத்திருக்கிறோம்.

ஜூன் 30, வெள்ளி

தூறல் விட்டு விட்டு. ரத்னம்மா சாமுண்டி மலைக்குப் போய் வந்து பிரசாதம் கொடுத்தார்.

கர்சீப்.
1. எலுமிச்சம்பழம். வெற்றிலைக் கறையில் எலுமிச்சை பட்டதும் சிவப்பு மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை.
2. புளித்த தயிர், அரை நாள். இல்லை.
3. சலவைச் சோடா, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். இதில் போகாத வெற்றிலைக் கறையை நான் பார்த்ததில்லை. இது போகாததோடு காப்பித்தூள் நிறத்தில் இறுகிப்போய்விட்டது.

எரிச்சலாக வந்தது. என்ன பாக்கு இது, என்ன சுண்ணாம்பு? "எந்தக் கடைல வாங்கறீங்க?" என்று கேட்டேன். "அக்ரஹாரத்து முக்குல" என்றார். நாளைக்குப் போய் அந்தக் கடைக்காரனைக் கேட்க வேண்டும்.

க. (கவிதாதான்) பள்ளியில் பாட்டுப் போட்டி, 14ஆம் தேதி. தொண்டைக்கு அதிமதுரம் வாங்கி வைத்தேன். ஒரு துண்டைக் கடைவாயில் அடக்கினால் அரை மணி நேரம் இருமல் வராது.

ஜூலை 2, ஞாயிறு

சற்று வெயில். எல்லாத் துணியும் வெளியே.

ரத்னம்மா கொடியில் அந்தக் கர்சீப்பைப் பார்த்துவிட்டார். "ஏன்ம்மா, ஊர்க் கறையெல்லாம் எடுக்கற. உன் கண்டனோட கர்சீப் தோக்கடிச்சிருச்சா?" கண்டன் என்றால் கன்னடத்தில் புருஷன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

இவர், "விடு புள்ள. ஒரு கர்சீப்புக்கு இந்தப் பாடா? தூக்கிப் போடு" என்று பிடுங்கிக் குப்பையில் போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் எடுத்து வந்துவிட்டேன். விடுவேனா.

மதியம் முழுக்க இருமல். மிளகு பால் கொடுத்தேன். பஞ்சு இருமல், அந்த இடத்தில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் உண்டு. க. "அப்பா, ரேடியோ கேக்கல" என்று சலித்துக்கொண்டாள். எழுந்து பின்பக்கம் போய் இருமிவிட்டு வந்தார்.

ஜூலை 4, செவ்வாய்

மழை. வாரப் பத்திரிகை வந்தது. வீட்டுக் குறிப்புப் பக்கத்தில் வெற்றிலைக் கறைக்கு ஒன்றும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்குக் காலருக்குச் சாக்கட்டித் தூளாம். இது எனக்குத் தெரியாததா.

இவர் பேன்ட் இடுப்பு தொளதொள. கொக்கியை இரண்டு விரல் தள்ளித் தைத்தேன். இந்த வருஷம் மூன்றாவது தடவை. "மில் சாப்பாடு அப்படி" என்கிறார். டாக்டர் முன்னால் விறைப்பாக இருக்கட்டும் என்று வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டேன்.

ஜூலை 5, புதன்

விலக்கு, இரண்டாம் நாள். வயிற்று வலி. இவர் காலை ஷிஃப்ட். க. பள்ளியில்.

பின்பக்கம் என் துணிகளை அலச உட்கார்ந்தேன். பச்சைத் தண்ணீர், ஒரு பிடி கல்லுப்பு. பதின்மூன்று வயதிலிருந்து செய்கிற வேலை. எந்தப் பத்திரிகையிலும் யாரும் எழுதாத குறிப்பு. சுடுதண்ணீர் படவே கூடாது. பட்டால் இறுகிவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது.

அடுத்தது இவர் கர்சீப். வேறொன்று, நேற்றையது. கறை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. யோசிக்கவே இல்லை. கை பழக்கம். இன்னொரு மக்கில் உப்புத் தண்ணீர் எடுத்து முக்கினேன். உடனே விட்டது. இரண்டு கசக்கில் வெள்ளை வெளேர்.

முதலில் சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். "போயிருச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். ரத்னம்மாவிடம் காட்ட வேண்டும் என்று எழுந்தேன்.

இரண்டு மக்கும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் ஒரே நிறத் தண்ணீர்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வெளுத்ததெல்லாம் பால் என்பார்கள். எனக்குச் சிவந்ததெல்லாம் வெற்றிலை. எலுமிச்சை சொன்னது, சோடா சொன்னது, பேன்ட் கொக்கி மூன்று தடவை சொன்னது. கறையைப் பார்த்துக்கொண்டு இருந்தேனே தவிர, ஆளைப் பார்க்கவில்லை. பாவி.

ஜூலை 6, வியாழன்

அவரிடம் கேட்கவில்லை. வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அவர் டம்ளரைத் தனியாக்கினேன். எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். அடியில் க.வின் நகப்பாலிஷால் ஒரு புள்ளி. ஸ்டிக்கர் பொட்டு என்றால் சுடுதண்ணீரில் வந்துவிடும், இது வராது. துணிக்குப் பச்சைத் தண்ணீர். டம்ளருக்குக் கொதிக்கிற தண்ணீர்.

க. அவர் தோளில் சாய்ந்து பாட்டுப் பாடிக் காட்டினாள். "எந்திரி, போய்ப் படி" என்று கத்தினேன். என்னை முறைத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 7, வெள்ளி

ரத்னம்மாவிடம் பஜாருக்கு என்று பொய். பெரிய ஆஸ்பத்திரி. பழைய கர்சீப்பைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போனேன். நல்லவேளை, சுடுதண்ணீர் அந்தக் கறையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சின்ன வயது டாக்டரம்மா. கர்சீப்பைப் பார்த்தார். எத்தனை நாள், சாயங்காலம் ஜுரம் உண்டா, மெலிந்தாரா, வீட்டில் குழந்தை உண்டா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜுரம் தெரியவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது கேவலமாக இருந்தது. பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவள்.

டி.பி.யாக இருக்கலாமாம். துணியை வைத்துச் சொல்ல முடியாது, ஆள் வர வேண்டும். மாத்திரை இலவசம். விடாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் குணமாகிவிடுமாம். ஒளித்தால் அவருக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மூடி போட்ட சிறு டப்பா கொடுத்தார்கள். விடிந்ததும் முதல் சளி. காப்பிக்கு முன்னால், வெற்றிலைக்கு முன்னால்.

டப்பாவை அரிசித் தூக்குக்குப் பின்னால் வைத்தேன். அவர் ஒளிக்கிறார், நானும் ஒளிக்கிறேன். நல்ல குடும்பம்.

ஜூலை 8, சனி

டம்ளரைக் கவிழ்க்கும்போது புள்ளியைப் பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள இது? எனக்குத் தனி டம்ளரா?"

டம்ளரை என் முன்னால் நீட்டினார்.

"எங்கய்யனை ஊருக்குள்ள டீக்கடைல தனி டம்ளர்லதான் குடிக்க வெச்சாங்க. நீயுமா?"

அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. உள்ளே போய், கர்சீப்பையும் டப்பாவையும் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். "இது வெத்தலை இல்லீங்க. எனக்குத் தெரியும்" என்றேன்.

கர்சீப்பை எடுத்து விரித்தார். பிறகு சொன்னார். சித்திரையிலிருந்தாம். முதல் தடவை மில் குழாயடியில். யாரும் பார்க்காமல் தண்ணீர் ஊற்றிவிட்டாராம். அன்றைக்குத்தான் வெற்றிலை வாங்கினாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி, மூன்று மாதம் என் கண் முன்னால்.

"திங்கக்கிழமை முடியட்டும் சரசு. மார்ல குழாய் வெச்சுப் பாப்பாங்க, அவ்வளவுதான். பேரு ஏறீருச்சுன்னா அப்பறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேணா வாரேன்."

"அதுக்குள்ள கவிதாவுக்கு வந்துட்டா?"

கர்சீப்பை நாலாக மடித்தார். பிறகு மெதுவாக, "நீதான் எல்லாத்துக்கும் ஒரு குறிப்பு வெச்சிருக்கறயே. கா மணி நேரம் இருமல் வராம இருக்க ஒண்ணு சொல்லு. அது போதும்" என்றார்.

என்னிடம் இருக்கிறது. அலமாரியில், பொட்டலத்தில். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுதேன். அவர் மேல் கோபமா, பரிதாபமா, எனக்கே தெரியவில்லை. பதினோரு வருஷம். அதையும் நினைக்கத்தானே வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

மழை இல்லை. மூட்டமாக இருக்கிறது. தோசைக்கல் ஒட்டியது. வெங்காயம் தேய்த்துச் சரிசெய்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது.

பதினொரு மணிக்கு க. பாடிப் பாடித் தாகம் என்று வந்தாள். கையில் கிடைத்த டம்ளரை எடுத்து மொண்டு வாய்க்குக் கொண்டுபோனாள். நான் பார்ப்பதற்குள் இவர் பாய்ந்து தட்டிவிட்டார். டம்ளர் சுவரில் மோதிக் கீழே உருண்டது. அடியில் சிவப்புப் புள்ளி.

க. பயந்து போனாள். "நான் என்ன பண்ணேன்ப்பா?" அவளை ஒரு நாள் அடித்ததில்லை. கிட்டப் போய்த் தலையைத் தடவக் கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அண்ணாந்து குடித்தது ஆசாரம் இல்லை. தனி டம்ளர் நான் வைக்கவில்லை. சித்திரையிலிருந்து அவரே தனியாகத்தான் குடித்திருக்கிறார். நான் புள்ளி மட்டும்தான் வைத்தேன்.

க.விடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். "ஹௌதா?" என்றாள். பள்ளிக் கன்னடம், அப்படியா என்று. கொஞ்ச நேரம் கழித்து, "ஜாஸ்தியா?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

ஜூலை 10, திங்கள்

விடியும்போதே தூறல். வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து ஒளித்து வைத்தேன். அவர் தேடவும் இல்லை.

துவைக்கிற கல்லில் இரண்டையும் வைத்தேன். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி டப்பா. அந்தப் பக்கம் அதிமதுரம். "இதை அடக்கீட்டீங்கன்னா அரை மணி நேரம் இருமல் வராது. நீங்க கேட்ட குறிப்பு. மறைச்சு வெச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. ரெண்டும் என்ற கையாலதான் வெச்சிருக்கறேன், எது வேணுமோ எடுத்துக்கங்க." இவ்வளவுதான் சொன்னேன். ஏன் அதையும் வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இருமல் வந்தது. டப்பாவை எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிந்ததும் மூடியை இறுக்கி, வெளிப்பக்கம் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

அதிமதுரத்தை என் பக்கம் நகர்த்தினார். "இது கவிதாவுக்கு வேணும். பாட்டுப் போட்டின்னுச்சே."

கஞ்சி போட்ட சட்டையைத்தான் போட்டுக்கொண்டார். கொடியிலிருந்து வெள்ளைக் கர்சீப்பை எடுத்தவர் கொஞ்சம் நின்றார்.

"இதுல பட்டாப் போயிருமா புள்ள?"

"போயிரும். பச்சத் தண்ணிதான். என்ற கைல குடுத்துருங்க."

மில்லில் பத்து மணிக்குக் கூப்பிடுவார்களாம், இவர் பேர் எட்டாவது. ஆஸ்பத்திரி எட்டரைக்கே திறக்கும், முதலில் அங்கேதான். இருப்பது ஒரே குடை. கிளம்புகிறோம்.