சூப்பர்வைசர் வரட்டும், மாப்ள

மாப்ள,

இன்று காலை கடை திறந்ததும் சூப்பர்வைசர் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தை என் கையில் திணித்தார். சிவப்பு அங்கி, குல்லாய், பஞ்சுத் தாடி. போன வருஷம் யாருமே போடவில்லை. செத்தவன் சட்டை என்று ஆளுக்கு ஆள் நழுவிவிட்டார்கள். தாடியை மூக்கருகே கொண்டுபோனேன். தைல வாசனை. இரண்டு வருஷம் பாச்சை உருண்டைகளோடு கிடந்தும் அது போகவில்லை.

உனக்கு அந்த அங்கி அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். சித்தூர் ஜில்லாவில் பிழிகிற மாம்பழக் கூழில் பாதியை நீ ஒருவனே குடித்து வளர்த்த வயிறு அது. நான் மாட்டிக்கொண்டால் கொடிக்கம்பத்துக்குச் சிவப்புத் துணி சுற்றியது போலிருக்கிறது. வாசல் கண்ணாடியில் பஞ்சை ஒட்டி, சித்தூரில் பனி பெய்துவிட்டதாக நாங்களே நம்பிக்கொண்டு நின்றோம். சாக்லேட் வாங்க வந்த ஒரு பெண் குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தத் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று தன் அம்மாவைத் தெலுங்கில் கேட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கண்ணு. கல் மாதிரி இருக்கிறேன். அதுதான் கேவலம்.

டிசம்பர் என்றால் நமக்கு என்ன, மாப்ள? ஊருக்கெல்லாம் பண்டிகை, நமக்குக் கேக் பெட்டி. சர்ச்சில் கேரல் பாடப் போகிறவர்களெல்லாம் நம் கடையில் முந்திரி வாங்கிக்கொண்டு போவார்கள். நாம் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்று கையசைப்போம். டிசம்பரில் லீவு கேட்டவனை மேலே இருப்பவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, யூதாஸைக்கூட அப்படி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் டிவியில் அந்தப் படம் வரும். பண்டிகைக்கு நாலு நாள் முன்பு, சாயங்காலம் ஆறரை மணிக்கு. பனியில் ரயில் மாட்டிக்கொள்ளும், கிழட்டு டிக்கெட் பரிசோதகர் ஒரு வாத்தோடு நடனமாடுவார், எல்லோரும் தெலுங்கில் அழுவார்கள். நாம் அதைப் பதினோரு தடவை பார்த்தோம்; நான் ஊரில் ஆயிரத்து நூறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். "பண்டி கதலது, பண்டக செய்யண்டி!" என்று கிழவர் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிடுவாய். வண்டி நகராது, பண்டிகையைக் கொண்டாடுங்கள் என்று நான் தமிழில் முழங்குவேன். என் தங்கச்சி, அதாவது உன் பெண்டாட்டி, முறுக்குத் தட்டை நம் இருவர் மண்டையிலும் ‘டங்’கென்று வைப்பாள். போனில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் உனக்குக் கோபம் வரும். "அவன் போடற நேரத்துக்கு ஓடிப் போயி பாக்கணும்டா. அதுதான் பண்டிக" என்பாய்.

ஓடிப் போவதற்காகத்தானே அந்தத் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்தோம். ஒரு வருஷம் நீ, ஒரு வருஷம் நான். ஒருவன் நோயாளி, இன்னொருவன் துணைக்குப் போகிறவன். நான் சிறுநீரகக் கல்லுக்கு உருண்டதில் தரையைத் துடைக்கிற வேலையே அன்று மிச்சமாகிவிட்டது. நீ மயக்கம் போட்டு விழுந்தபோது கேக் பெட்டிக் கோபுரம் சரிந்தது. விதிகள் என்னுடையவை, மறுக்கவில்லை. அதில் தலையாய விதி: சூப்பர்வைசர் கண்முன் இல்லாமல் யாரும் விழக் கூடாது. பார்க்க ஆளில்லாத நடிப்பு வீண்.

அந்தக் கடைசி வருஷம் உன் முறை. பில் கவுன்டருக்கு மேலே கடிகாரம் ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் காட்டியது. நீ தாத்தா வேஷத்தோடு வாசலை விட்டு உள்ளே வந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, தாடியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டாய்.

"மச்சான், நெஞ்சு ஒரு மாதிரி இர்க்குதுடா. தைலம் வச்சிக்கினு இருக்கியா?"

கொடுத்தேன். "மேக்கப்பா மாப்ள?" என்று கேட்டேன்.

நீ நெஞ்சில் தேய்த்துக்கொண்டாய். நெற்றியில் வேர்வை. நான் தள்ளி நின்று பார்த்து, நாடகப் போட்டி நடுவர் மாதிரி மார்க் போட்டேன். "பத்துக்கு நாலு. போன தடவ நல்லா பண்ண. இப்ப சத்தமே இல்ல."

"இது வேற மாதிரிடா, மச்சான்."

"சூப்பர்! அந்தக் கொரல அப்டியே புடிச்சிக்கோ. சூப்பர்வைசர் குடோன்ல மைதா எறக்கிக்கினு இருக்காரு. அவரு வரட்டும். அதுவரைக்கும் தாங்கு."

தாங்கு என்றேன், மாப்ள. நீ தலையாட்டினாய். சரி என்றா, முடியாது என்றா? அந்தத் தலையாட்டலை எனக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் தெரியவில்லை. நான் துவரம் பருப்பு எடை போடப் போய்விட்டேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். இரண்டு தடவையும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

சூப்பர்வைசர் வந்தபோது மணி ஐந்தரை. நான் என் பங்கை ஆரம்பித்தேன். "ஐயோ, என் தங்கச்சி வாழ்க்க போச்சே!" என்று நான் போட்ட கூச்சலில் வேலூர் பஸ் நின்றிருக்கும். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏமய்யா, இந்த வருசமும் அதே சினிமானா?" என்றார். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நானும் அழுகைக்கு நடுவே உனக்குக் கண்ணடித்தேன். நீ அப்போது மூட்டைமேலிருந்து பக்கவாட்டில் சரிந்தாய். கை ஊன்றாமல் சரிந்தாய். நடிக்கிறவன் கையை ஊன்றுவான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தெலுங்கில் சொன்னது இவ்வளவுதான்: அரை மணி நேரம் முன்னால் வந்திருக்க வேண்டும். திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது வரவேற்பறைச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆறரை மணி. நம் படம். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். கிழவர் வாத்தைத் தூக்கிக்கொண்டு ஆடினார். நான் சிரித்தேன், மாப்ள. பழக்கம். பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் என் வாய் திறந்திருப்பது எனக்கே தெரிந்தது. சந்திரகிரி தாண்டியதும் நீ போய்விட்டாய்.

அன்றிலிருந்து படம் வருகிற நாளில் சூப்பர்வைசர் நான் கேட்காமலே நாலரைக்கு என்னை அனுப்பிவிடுகிறார். நீ செத்து எனக்கு வாங்கிக் கொடுத்த லீவு. இன்றும் அப்படித்தான் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் முறுக்குத் தட்டை மேஜைமேல் வைத்தாள், மண்டையில் வைக்கவில்லை. படம் ஓடியது. கிழவரின் வசனம் வந்தபோது நாங்கள் இருவருமே வாயைத் திறக்கவில்லை. டிவி மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

விளம்பரம் வந்ததும் அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க ரெண்டு பேரு கூத்தும் எனக்குத் தெரியும் ணா. வருசா வருசம் கண்ணாடி முன்னாடி உழுந்து பழகுவாரு. அந்த வருசம் மட்டும் பழகல."

"ஏன்?"

"இந்த வாட்டி நடிக்கமாட்டேன், நேரா போயி லீவு கேக்கப் போறேன்னாரு. வயசாயிடுச்சாம், வெக்கமா இர்க்குதாம். உன்கிட்ட சொல்லலியா?"

நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் கிண்டல் செய்திருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷமாக அவளிடம் நான் சொல்லி வைத்திருந்த கதை வேறு. நீ மூச்சு விடச் சிரமப்பட்ட அந்த நொடியே உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதாக, ஆட்டோ பறந்ததாக, எதிரே வந்த லாரிகள் ஒதுங்கியதாக. இன்று என்னால் முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். தைலம், மார்க், கட்டை விரல். "நாப்பது நிமிசம்மா. நாப்பது நிமிசம் அவன அந்த மூட்ட மேல ஒக்கார வச்சேன்" என்றேன். என் வாழ்க்கையில் அளவு குறையாமல், கூடாமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சும்மா இரு ணா" என்றாள். "அஞ்சு நிமிசத்த நாப்பதுன்னுவ நீ. உன் வாயில எதுதான் அளவா வந்திச்சு? பல்லி ஓடினா மொதலன்னுவ."

"சத்தியமா சொல்றேன்."

"அதயும் லட்சம் வாட்டி பண்ணிட்ட." என் முதுகைத் தட்டினாள். "அஞ்சு நிமிசத்துல ஒண்ணும் ஆயிருக்காது. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. முறுக்கு துன்னு."

தின்றேன்.

ஐந்து நிமிஷத்தை அவள் மன்னித்துவிட்டாள், மாப்ள. மீதி முப்பத்தைந்தும் என்னிடம்தான் இருக்கிறது.