கல்மேட்டை விட்டு விலகிய சாலை

அன்பு மகன் துவ்ஷினுக்கு, அப்பா சோய்ஜில் எழுதுவது. குளிர்காலத்தை நோய்நொடியில்லாமல் தாண்டியிருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் தாண்டிவிட்டோம். பனியில் ஒன்பது ஆடுகள் போயின, மற்றவை எலும்பும் தோலுமாக நிற்கின்றன. என் முழங்கால் வலி பழையபடிதான். வரும் இலையுதிர்காலத்தில் கொரியாவை விட்டு வந்து அக்காவோடு சாப்பாட்டுக்கடையைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன், அதனால்தான் தாமதம்.

வெளிநாட்டு வங்கிக் கடனில் போட்ட தார்ச்சாலையை அக்டோபரில் திறந்துவிட்டார்கள். குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆறு மணிநேரம் ஆனது இப்போது இரண்டு மணிநேரம்தான், மாவும் வெங்காயமும் விலை இறங்கியிருக்கின்றன. ஆனால் சாலை ஊருக்குத் தெற்கே பதினொரு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. நிலக்கரி லாரி ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை. டயர் ஒட்டும் கடையைப் பூட்டிவிட்டார்கள். சாலை போட வந்தவர்களும் சமையல்காரரைக் கூடவே கூட்டிவந்திருந்ததால் அப்போதும் உன் அக்கா நர்மந்தாவுக்கு வியாபாரமில்லை. முன்பு ஓட்டுநர்கள் கல்மேட்டில் இறங்கி வழித்துணை வேண்டி மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு கல்லைப் போட்டுவிட்டு, அப்படியே அக்கா கடையில் கறிக்கொழுக்கட்டையும் உப்பு டீயும் சாப்பிடுவார்கள். லாரிக்காரர் புர்வே போன வாரம் என்னைப் பார்த்து, "இப்பல்லாம் தூரத்துலருந்தே மூணு ஹாரன் அடிச்சிடறோம் வாத்தியாரே, சாமிக்கும் நேரம் மிச்சம்" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. புனித இடங்களைச் சாலை நெருங்கக்கூடாது என்பது அந்த வங்கியின் விதி. புவியியல் வாத்தியாராக இருந்தவன் என்று அவற்றைக் குறிக்கும் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். கல்மேடு, ஊற்று, பழைய சமாதிகள் என்று பதினான்கு இடங்களை அளந்து குறித்தேன். எவ்வளவு விலக வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள், குறைத்துச் சொல்லிப் பாவம் சேர்ப்பானேன் என்ற பயத்தில் தாராளமாக எழுதினேன். முதல் வரைபடத்தில் சாலை நம் கடைக்குப் பின்னால்தான் போயிற்று. அதை நான் பார்த்தேன். பார்த்தும் அதையும் என் படிவத்தையும் சேர்த்து யோசிக்கவில்லை. அந்த இடங்களைச் சுற்றி நான் போட்ட வட்டங்களைத் தவிர்க்க அவர்களுக்குத் தெற்குச் சமவெளியை விட்டால் வழியில்லை. ஊர்க்கூட்டத்தில் நீலப்பட்டு கொடுத்து எனக்கு மரியாதை செய்தார்கள், வாங்கிக்கொண்டேன். மக்கள் பிழைக்கும் இடத்துக்குப் படிவத்தில் கட்டமில்லை. இருந்திருந்தாலும் எனக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

நேற்றுத்தான் அக்காவிடம் சொன்னேன். ஆள் வராத கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க குறிச்சதெல்லாம் சரியாத்தாம்ப்பா இருக்கு. எங்களத்தான் குறிக்கல" என்றாள். பிறகு எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். கடையைக் கூடாரமாகவே விட்டிருந்தால் பிரித்து வண்டியிலேற்றிப் புதுச் சாலையோரம் போயிருக்கலாம், நாம்தான் ஆசைப்பட்டுச் செங்கல்லில் கட்டினோம். மாதக் கடைசியில் அவள் தலைநகரத்துக்கு ஒரு விடுதியில் சமைக்கப் போகிறாள்.

அங்கே வேலையை விடுவதாகச் சொல்லியிருந்தால் மேலாளரிடம் பணிவாகப் பேசி மாற்றிக்கொள். குளிரில் காது மூடிக்கொண்டு போ. அக்காவுக்கு வாரம் ஒருமுறை போன் செய். வானமும் மண்ணும் உனக்குத் துணையிருக்கட்டும். ஆறு வருஷமாக எப்போது வருவாய் என்றே எழுதிவந்தேன். இந்த வருஷம் வராதே, மகனே.

இப்படிக்கு,
உன் அப்பா சோய்ஜில்