கொடியின் மிச்சம்

முருகன் துணை

பதுளை, கடைவீதி
இரத்தாட்சி வருடம், கார்த்திகை மாதம்

தம்பி கதிர்காமநாதனுக்கு அக்காள் அன்னலட்சுமி எழுதுவது. நீயும் சந்திரகாந்தியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

கொழும்பு டாக்டர் சதை அழுகிவிட்டதாகச் சொன்னார், புட்டியில் ஏன் வெறும் தண்ணீர் இருந்தது என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், உன் அத்தானைக் கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை ஜெயராசாவின் சிறுநீரோடு வந்த சதைத் துணுக்கை ஆஸ்பத்திரியில் கெடாதிருக்க ஸ்பிரிட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் கொழும்பு ரயிலுக்கு நம் கடை மொஹிதீன் கிளம்ப இருந்ததால் அது ஓர் இரவு வீட்டில் இருந்தது. சஷ்டி விரதம். பிள்ளைக்காக ஆறு நாளும் பச்சைத் தண்ணீரோடு கிடந்த மனிதர் மூடியைத் திறந்து முகர்ந்திருக்கிறார். சாராயவாடை. கொட்டிவிட்டுக் கதிர்காமத்துத் தீர்த்தத்தை ஊற்றி மூடிவிட்டார். உன் காகிதம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "முருகன் பாத்துக்குவான்னு நெனச்சேன்" என்று அழுகிறார்.

அடிவயிற்றுக் கட்டி எங்கே பிறந்தது என்று தெரியாமல் வயிற்றைத் திறக்க மாட்டேன் என்கிறார் இங்குள்ள டாக்டர். ஒவ்வோர் உறுப்பின் சதைக்கும் ஒரு சாயல் உண்டாம், கண்ணாடியில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியுமாம். மூத்திரப்பையிலேயே பிறந்திருந்தால் இவ்வளவு வளர்ந்த பின் கத்தி வைத்துப் பயனில்லையாம். அபூர்வமாகச் சிலருக்கு, கருவில் தொப்புளுக்கும் பைக்கும் நடுவே இருந்த கொடியின் மிச்சத்தில் பிறக்குமாம். அதுவென்றால் தொப்புளோடு சேர்த்து அறுத்தெடுக்கலாம், பிழைக்க வழியுண்டு என்றார்.

குழாய் விட்டுச் சதை எடுத்தால் இரத்தம் நிற்காது, தானாக வந்தால்தான் உண்டு என்றும் சொல்லிவிட்டார். அதனால் தினமும் அவன் சிறுநீரை மெல்லிய மல் துணியில் வடிகட்டிப் பார்க்கிறேன். "கோப்பியா வடிக்கிறீங்க அம்மா?" என்று உன் மருமகன் கேலி செய்கிறான். சிரிக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். துணியில் இரத்தம்தான் தங்குகிறது, சதை வரவில்லை. முதுகெலும்பு தெரிய இளைத்துவிட்டான்.

இங்கே மழை விடவில்லை. தெமோதரைப் பக்கம் மண் சரிந்து நேற்று ரயில் வரவில்லை. இன்று வந்தால் மொஹிதீனிடம் இதைக் கொடுத்தனுப்புவேன்.

தம்பி, அந்தக் கொழும்பு டாக்டரிடம் மறுபடி போ. காலில் விழுந்தாலும் குற்றமில்லை. அந்தத் துணுக்கில் அழுகாத ஓரம் ஏதாவது இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்க்கச் சொல். என் வயிற்றில் அவன் கிடந்தபோது உண்டான கொடியே அவனுக்கு நோயாக வந்தது என்று கேட்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? நான் அதைத்தான் கேட்டு விளக்கேற்றுகிறேன். என் கொடிதான் என்று ஒரு வார்த்தை எழுதி வாங்கி அனுப்பு.

உன் பிள்ளைகளை எந்த நோயும் அண்டாதிருக்கட்டும்.

உன் அக்காள்
அன்னலட்சுமி