பிறந்த இடம் என்ற கட்டம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழைக்கு இருட்டி, வராமலே போயிற்று. அடுத்த திங்களுக்குள் நாடு எழுதியாக வேண்டும்.

படிவம் எட்டுப் பக்கம். அகதிகளை வெளிநாட்டில் குடியேற்ற உதவும் சென்னை அலுவலகம் அனுப்பியது. நான், கணவர் சசி, மகள் நிலானி, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நாடு. எழுதினால் மாற்ற முடியாதாம், தடித்த எழுத்தில் அடியில் போட்டிருக்கிறார்கள். கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான்.

ஆரணி முகாமில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்கிறார் சசி. பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முகிறோம். இதில் ரகசியம் வேறு.

கனடா: சசியின் அக்கா. பொறுப்பு எடுப்பார். குளிர். அக்கா.
சுவிஸ்: சித்தி மகன் நவம். போய்ப் பதினோரு வருஷம், இன்னும் வருஷா வருஷம் தங்கும் தாள் புதுப்பிக்கிறான். அதை இங்கேயே செய்யலாம்.
பிரான்ஸ்: யாருமில்லை. நிலானிக்குப் பெயர் பிடித்திருக்கிறது.
ஆஸ்திரேலியா: சசி பேசவிடவில்லை. அவர் தம்பி அந்தப் பக்கம் படகில் போனவன். இன்றுவரை தகவல் இல்லை.

அப்பா வரமாட்டார். "போனா பேசாலைக்குத்தான். வேற ஒரு இடமும் எனக்கு வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பேசாலை, மன்னார்க் கரை. அவர் அதை விட்டு வந்து முப்பத்தொன்பது வருஷம். என் வயசும் அதுதான். இருபது நாள் பிள்ளையாக, அம்மாவின் சேலைத் துண்டில் சுற்றிப் படகில் கொண்டுவந்தது. படிவத்தில் 'உங்கள் கதை' என்று கேட்ட இடத்தில் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். அம்மா உயிரோடு இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லுவாள்.

வாங்க: துணி சோப்பு, நிலானிக்கு கிராஃப் நோட்டு, அப்பா மாத்திரை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பட்டுக் கடையில் வேலை மூச்சு முட்டுகிறது. ஆவணி முகூர்த்தப் புடவைகள் எல்லாம் இந்த வாரம் கப்பல், விமானம் ஏறுகின்றன. மடிப்பது, பெட்டியில் அடுக்குவது, வெளிநாட்டுச் சீட்டு எழுதுவது என் வேலை. துபாய்ப் பெட்டியில் கனடா முகவரி ஒட்டிவிட்டேன். கடைக்கார மஞ்சுளா அக்கா பிடித்துவிட்டார்.

"இன்னா வதனி, எங்க வெச்சிகீற புத்திய? கூரியர்காரரு வந்துகினு கீறாரு, ஜல்தியா மாத்து."

சீட்டில் ஒரு வரி, 'உற்பத்தியான நாடு'. ஒரு நாளைக்கு நாற்பது முறை எழுதுகிறேன், இந்தியா, இந்தியா. கை தானாக எழுதுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் மஞ்சுளா அக்கா கேலி. "உன்ன யாரு சிலோன்காரின்னு சொல்லுவா? பேசுறது பூரா எங்க ஊரு பேச்சு." உண்மைதான். முகாம் கேட்டுக்கு வெளியே ஒரு வாய், உள்ளே ஒரு வாய். பழகிவிட்டது.

மாலை, கனடா அக்கா போனில். "விசா விசாரணையில ஆரணிப் பேச்சு வரக்கூடாது, வதனி. பிள்ளைக்கு எங்கட கதையைப் பழக்கு." நிலானியை உட்காரவைத்து 'ஓம்', 'எண்டு', 'இல்லை எண்டு' என்று பழக்கினேன். அரை மணியில் அவளுக்குச் சிரிப்பு, எனக்குக் கோபம். "தாத்தா மாரி பேச சொல்ற. எனுக்கு எப்டிமா வரும்?"

சசி ஒரு வார்த்தை: "கனடா எண்டே எழுது." சரி. ஒரு முடிவு ஆனது.

ஆகஸ்ட் 6, புதன்

முகாமில் செக்கிங். வருவாய் அலுவலக ஆர்.ஐ. வந்து அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஆள் இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார். அரை நாள் கடை போயிற்று. சசிக்கு வந்தவாசியில் பெயின்ட் வேலை. முதல் பஸ்ஸில் கிளம்பியவர் செக்கிங்குக்காகத் திரும்பி வந்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி போனார். மேஸ்திரி திட்டியிருப்பார். கேட்கவில்லை.

படிவம் இரண்டாம் பக்கம். பிறந்த இடம், மருத்துவமனையின் பெயர், சான்று. சான்று எனக்கு இல்லை. முகாம் அட்டையில் 'மன்னார்' என்று இருக்கிறது, பள்ளிக்கூடத்திலும் அதையே பார்த்து எழுதினார்கள். அப்பாவிடம் கேட்டேன், பேசாலையில் எந்த ஆஸ்பத்திரி, அல்லது வீட்டிலா என்று.

"இப்ப என்னத்துக்கு அது?"

"படிவத்துல கேக்கிறாங்கப்பா."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மதியச் சோறு தட்டு மூடியபடி கிடந்தது. மனிதர் சோற்றைத் தள்ளி நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஏழு மணி. மழை பிடித்துக்கொண்டது. துணி நனைந்தது. அதெல்லாம் பிறகு.

நான் பேசாலையில் பிறக்கவில்லை.

அப்பா தன் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார். ஞானஸ்நானச் சான்று. என் பெயர், அப்பா, அம்மா பெயர், ஜூலை 1986. பிறந்த இடம்: மண்டபம். படகில் வந்திறங்குகிறவர்களைப் பதியும், இந்தக் கரை முகாம். கோயில் முத்திரை, பாதர் கையெழுத்து.

"கொம்மாக்கு எட்டு மாசம், படகு ஏறேக்க. இங்க வந்து இறங்கி மூண்டாம் கிழமை நீ பிறந்தனி. பதிவு எழுத வந்த தம்பி கேட்டான், பிள்ளை எங்க பிறந்ததெண்டு. நான் மன்னார் எண்டு சொன்னன்."

"ஏன்?"

"பொங்கலுக்கு முந்தித் திரும்பிப் போயிடுவம் எண்டு நினைச்சம் பிள்ளை. அங்க போய் இறங்கேக்க, இது இந்தியாப் பிள்ளை, நீங்கள் போங்கோ, பிள்ளையை விடேலாது எண்டு மறிச்சுப்போட்டா? எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை. நான் மட்டுமே?"

"கோயில்ல மட்டும் உண்மையைச் சொன்னீங்களா?"

"சர்க்காருக்குப் பொய் சொல்லலாம். பாதருக்குச் சொல்லேலுமே?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நிஜமாகவே சிரித்தேன். அந்தப் படகுக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். பள்ளிக்கூடத்தில், கடையில், சசியிடம் கல்யாணத்துக்கு முன்பு. அம்மா சேலைத் துண்டு நிறம் உட்பட. நான் படகில் வந்ததே வயிற்றுக்குள்.

கடைக்குப் போனேன். பதினெட்டுப் பெட்டி. ஒன்றும் தப்பாக ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. படவேட்டு அம்மன் கோயில் கூட்டம் பஸ் ஸ்டாண்டில். மஞ்சள் சேலை, வேப்பிலை, சந்தவாசல் பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பிள்ளையை ஏற்றுகிறார்கள். வீட்டில் பேச முடியாது, கடையில் பேச முடியாது. இந்தச் சத்தத்தில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அங்கே நின்று சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். தெரிந்த ஒருத்தருக்காகக் கேட்கிறேன் என்றேன். எடுத்த பெண் பொறுமையானவர்.

"அவங்க மண்டபத்துல 86-ல பிறந்தாங்களா? நிச்சயமா?"

"ஆமாங்க. கோயில் சான்று இருக்குது."

"87 ஜூலைக்கு முன்னாடி இந்த நாட்டுல பிறந்தவங்க பிறப்பாலயே இந்தியர்ங்க. அப்பா அம்மா யாருன்னு பார்க்க மாட்டாங்க. கோர்ட்டுக்குப் போனா கிடைக்கும், காலம் ஆகும். ஆனா நாங்க அவங்கள அகதின்னு எந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாது."

பஸ் ஹாரன். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"அவங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. 2011."

"அப்பா?"

"முகாம்ல பதிவு."

"அப்போ பொண்ணுக்கு வராதுங்க. இப்ப சட்டம் வேற. வீட்டுக்காரருக்கும் வராது." பிறகு, "நீங்க திங்கட்கிழமை படிவத்தை அனுப்பறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்கம்மா" என்றார்.

தெரிந்த ஒருத்தர் என்றுதான் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

இவ்வளவு நாளும் எழுதிய பட்டியலில் இந்த நாட்டை நான் சேர்க்கவே இல்லை. யாரும் சேர்க்க மாட்டார்கள். நிற்கிற இடத்தை யார் பட்டியலில் எழுதுவார்?

ஆகஸ்ட் 9, சனி

சசியிடம் சொன்னேன். பெயின்ட் கையோடு உட்கார்ந்திருந்தார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"உனக்கு ஒரு நாடு கிடைச்சிருக்கு. வேண்டாம் எண்டு சொல்லுவியே?"

"என்னா பேசுறீங்க."

"நான் கோவத்தில சொல்லேல்ல. நீ கோர்ட்டுக்குப் போ. நானும் பிள்ளையும் கனடாவுக்கு எழுதுறம். நீ பாஸ்போர்ட் எடுத்துப் பிறகு வா."

பிறகு. அவர் தம்பியும் பிறகு போன் போடுகிறேன் என்று சொல்லித்தான் போனான். அதை நான் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், எழுந்து போய்விட்டார்.

நான் இந்தியாக்காரி என்றால்: முகாம் பதிவில் என் பெயரை அடித்துவிடுவார்கள். வீடு சசி பெயரில், நான் விருந்தாளி. செக்கிங் அன்று நான் எங்கும் போகலாம், திருப்பதி, டெல்லி. அவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்குள். நிலானி நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள், அகதி என்று எழுதினால் எந்த இடத்தில் கதவு மூடும் என்று எங்களுக்குத் தெரியும். என் பெண், நான் இந்தியாக்காரி, அவள் இல்லை. ஒரே சமையலறையில்.

அகதி என்றால்: கனடா. மூன்று பேரும். நான் பொய்.

உண்மையைச் சொன்னால் பிரிவு. பொய் சொன்னால் ஒன்றாக, எப்போதும் பயத்தோடு. மூன்றாவது வழி தேடிக் காலையிலிருந்து மண்டை காய்கிறது.

அப்பாவைத் திட்டினேன். சாயங்காலம், எல்லோருக்கும் கேட்கும்படி. ஒரு வார்த்தை, ஒரே ஒரு ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தால் இந்த முப்பத்தொன்பது வருஷமும் நான் மனுஷியாக இருந்திருப்பேனே என்றேன். வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. நிலானி நடுவில் வந்து நின்றாள். "மா, உடுமா. தாத்தாவுக்கு இன்னா தெரியும் அப்போ." இவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். கோயிலுக்குப் போகவில்லை. அப்பா தனியாகப் போய் வந்தார். வந்து வாசல்படியில் செருப்பைக் கழற்றாமலே, "நான் கோர்ட்டில வந்து சொல்லுறன். பொய் சொன்னது நான்தான், பிள்ளையில பிழை இல்லை எண்டு" என்றார்.

"அப்போ உங்களை என்ன செய்வாங்க?"

"எனக்கினி என்ன செய்யிறது?"

நேற்றுத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவருக்குப் பிடித்த மீன் வாங்கி மிளகாய்த்தூள் அதிகமாகப் போட்டுக் குழம்பு வைத்தேன். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

கனடா அக்காவின் செய்தி: "அனுப்பியாச்சா?" சிரிக்கிற முகம் இரண்டு போட்டிருந்தார். பதில் போடவில்லை.

வதனி, முப்பத்தொன்பது வயது. நாடு இல்லை என்று அழுதாய். இப்போது இருக்கிறது என்று அழுகிறாய்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடைக்கு லீவு. வயிற்றுவலி என்றேன். மஞ்சுளா அக்கா, "ஆவணி வெச்சிகினு இப்பவா உனுக்கு பேஜார் புடிக்கணும்" என்று திட்டிவிட்டு, இஞ்சிச் சாறு குடி என்றும் சொன்னார்.

மேஜை கிடையாது. அரிசி டப்பா மேல் படிவம். சசி சுவரில் சாய்ந்திருந்தார். என் இஷ்டம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் மேலும் கோபம் வந்தது, எதையாவது சொல்லித் தொலைத்தால் என்ன.

நாடு: கனடா.

பிறந்த இடம். பேனாவை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து வந்தேன். தண்ணீர் குடித்தேன். பிறகு எழுதினேன்: பேசாலை, மன்னார். அப்பா சொன்னபோது அவருக்கு முப்பது வயசு, பயந்தவர், புது ஊர், அவரை மன்னித்துவிடலாம். இது நான் தெரிந்து எழுதியது. எனக்கு இருந்த ஒரே நாட்டை என் கையாலேயே இல்லை என்று எழுதினேன். என் பெண் இருக்கும் இடத்தில் நானும் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

பதினொரு மணிக்குப் பஜாரில் ஸ்கேன் எடுத்து அனுப்பியாயிற்று. 'கிடைத்தது' என்று பதில் வந்தது.

நாலு மணிக்கு நிலானி பள்ளிவிட்டு வந்தாள். விசாரணைக்குப் பிள்ளைகளையும் தனியாகக் கேட்பார்களாம். சீருடையோடு எதிரில் உட்காரவைத்தேன்.

"உங்க அம்மா எங்க பிறந்தவ?"

"பேசாலை. மன்னார் மாவட்டம்."

"இந்தியாவுக்கு எப்பிடி வந்தவ?"

"படகுல. இருபது நாள் பிள்ளையா. அம்மம்மா சேலைத் துண்டில சுத்திக் கொண்டு வந்தவ."

தடுமாறவே இல்லை. என்னைப் பார்க்காமல், என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துச் சொன்னாள். போன வாரம் 'ஓம்' சொல்லச் சிரித்த பெண்.

"என்னைப் பார்த்துச் சொல்லு."

பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "மா, நீ எனுக்காவத்தான் அப்டி எழுதின?"

இல்லை என்றேன். நம்பவில்லை. பதில்களை எழுதிப் பழகிய நோட்டை மூடப் போனாள். கையைப் பிடித்து உட்காரவைத்து மறுபடி முதல் கேள்வியைக் கேட்டேன்.