விசில் கேட்காத ஆட்டம்

அன்புள்ள விசிலு,

பந்து வட்டமா சதுரமா என்றே தெரியாத அந்த மனுஷன் நம் கால்பந்து கிளப்பை வாங்கி, மைதானத்து வாசலில் தன் படத்தையும் மாட்டினான். அவன் தொலையும்வரை உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன் என்றேன். "முதலாளி எவனா இருந்தா உனக்கென்னடா, டீம் நம்மளோடது" என்று நீ உள்ளே போனாய். அதோடு நம் பேச்சும் நின்றது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நானும் வருகிறேன். சுவருக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே ஆட்டம் பார்க்கிறேன். கோல்கீப்பர் பந்தை நழுவவிட்டால் ஒரு முனகல். அந்தப் புது ஃபார்வர்டுக்கு விலைதான் அதிகம், காலில் பந்து நிற்பதில்லை, அவனுக்கு ஊளை. நாம் கோல் போட்டால் எல்லாச் சத்தத்துக்கும் மேலே, இரண்டு விரலை வாயில் வைத்து நீ அடிக்கும் விசில். அது கேட்டால்தான் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரும்.

நேற்று மூன்று கோல் போட்டோம். ஒன்றுக்கும் விசில் இல்லை. கூட்டம் கலைந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். வாசல் காவலாளி வந்து, "அதான் ஜெயிச்சுட்டாங்களே சார், இன்னும் யாருக்காக உக்காந்திருக்கீங்க?" என்றார்.

முன்பல் ஏதும் விழுந்துவிட்டதா? பல்லாக மட்டும் இருக்கட்டும்.

அவன் படம் இன்னும் வாசலில்தான் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு அடியில் நுழைந்து வரப்போகிறேன். உன் பக்கத்து இருக்கைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ என்னோடு பேச வேண்டாம். இருந்தால் போதும்.

இப்படிக்கு,
சுவருக்கு வெளியே உட்கார்ந்திருப்பவன்