சுருட்டை வரைந்த படகுகள்

மார்ச் 4

அன்புள்ள சுருட்டைக்கு,

திடீரென்று கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. போனில் என்றால் "ம்", "சரி", "நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடுவேன். எழுதினால்தான் எனக்கு வாய் திறக்கும்.

செய்தித்தாளில் உன் கண்காட்சிச் செய்தி வந்திருந்தது. அப்பாதான் காட்டினார். "உன்கூட விடுதியில இருந்த பொண்ணுதானே? பெரிய ஆளாயிட்டா போல!" என்றார். அழைப்பிதழ் கிடைத்தது. வேலை அதிகம், வர முடியவில்லை. இல்லை, உன்னிடம் எதற்குப் பொய்? வர மனசு வரவில்லை.

நான் இன்னமும் மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை வடிவமைக்கிறேன். காலை மாத்திரைக்கு மஞ்சள், இரவு மாத்திரைக்கு நீலம். கண் மங்கியவர்களும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கலை. அப்பா அந்தக் காலிப் பெட்டியைப் பக்கத்து வீட்டில் காட்டி, "எங்க குடும்பத்துல முதல் பட்டதாரி போட்ட டப்பா" என்கிறார். எனக்குத்தான் எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

செய்தித்தாளில் போட்டிருக்கும் உன் படகுகள் நன்றாக இருக்கின்றன. எடையெல்லாம் அடியில், மேலே முழுக்கச் சாம்பல் வெளி. கண் தானாக இடப்பக்கத்துச் சின்னப் படகுக்குப் போகிறது. குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுதான் கிடைத்தது. பாய்மரங்கள் கோணல்மாணலாக, மனிதக் கால்கள் மாதிரி இருக்கின்றன. கொஞ்சம் நேராக்கியிருக்கலாம்.

அதே செய்தியில் வந்த புகைப்படத்தில் உன் தோளில் கைபோட்டு நிற்பவள்தான் உன்னோடு ஓவியக்கூடத்தைப் பங்கு போட்டிருக்கும் நெட்டையா? விடுதியில் நான் பார்த்த மாதிரி, இப்போது உன் படங்களைத் தலைகீழாக நிறுத்தி முதலில் பார்ப்பது அவள்தானாமே. அழைப்பிதழோடு வைத்த கடிதத்தில் ரொம்பச் சாதாரணமாக எழுதியிருந்தாய். நானும் சாதாரணமாகத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
பூனை

&nbsp;

மார்ச் 11

அடியே பூனை,

நீ சாதாரணமா கேட்ட லட்சணம் எனக்குத் தெரியாதா? தாள் கிழியற மாதிரி அழுத்தி எழுதியிருக்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், சிரிக்காத. அது படகு இல்லடி. குடை! நீ கண்டுபிடிச்ச பாய்மரம் எல்லாம் நிஜமாவே கால்தான்! மழையில பேருந்துக்காக நிக்கிற ஜனங்க.

என்ன ஆச்சுன்னா, படத்தை மாட்டற அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். நெட்டைதான் தூக்கிட்டுப் போய் மாட்டினா. வண்ணம் போட்ட நாள்லேர்ந்து அவ அதைத் தலைகீழாவே பார்த்திருக்கா. நம்ம பழக்கம்தான் உனக்குத் தெரியுமே, கவிழ்த்து வெச்சாதான் இது குடை, இது காலுங்கிறது மறந்து எந்தப் பக்கம் கனக்குதுன்னு தெரியும். சமநிலை சரியாவே வரலைன்னு மாசக்கணக்கா நான் அதைக் கவிழ்த்தே வெச்சிருந்தேன். கையெழுத்தும் பின்பக்கம். தலைப்பும் வைக்கலை. அவ மேல என்ன தப்பு?

திறப்பு விழாவுக்குப் போய்ப் பார்த்தா, தலைமை விருந்தினர் அது முன்னாடி நின்னு, "கரைக்குத் திரும்பும் நம்பிக்கை"ன்னு பேசிக்கிட்டிருக்கார். எல்லாரும் கை தட்டறாங்க. நானும் தட்டினேன்! வேற என்ன பண்றது?

இப்ப துறைமுக அலுவலகத்துல கேக்கறாங்க, அவங்க வரவேற்பறையில மாட்ட. அடுத்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும். நெட்டை, "அப்படியே விடு, இதுதான் நல்லாயிருக்கு"ங்கறா. எனக்குத் தூக்கம் வரலை. நான் வரைஞ்சது ஒண்ணு, ஜனங்க பார்க்கறது இன்னொண்ணு. சரி பண்ணட்டுமா, வேண்டாமா?

நீ சொன்னா கேப்பேன். படம் இன்னும் அந்தக் கண்காட்சிக் கூடத்துலதான் இருக்கு. ஒரு தடவை வந்து பாருடி.

உன்,
சுருட்டை

&nbsp;

மார்ச் 15

அன்புள்ள சுருட்டைக்கு,

உன்னிடம் சொல்லாமல் நேற்று மதியமே போய்ப் பார்த்துவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நெட்டை சொதப்பிவிட்டாள் என்ற சந்தோஷம். நானும் அதைப் படகு என்று எழுதியது அப்புறம்தான் உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

கூடத்தில் யாரும் இல்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே பார்த்தேன். காவலாளி ஓடி வந்து, "என்னம்மா, தோடு விழுந்துடுச்சா? நானும் தேடட்டுமா?" என்றார். "படம் பார்க்கறேன்" என்றேன். அவர் படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, "நாற்காலி வேணும்னா கேளுங்க" என்று போய்விட்டார்.

அப்படிக் குனிந்திருந்தபோதுதான் அந்தச் சின்னப் படகு குடையாயிற்று. அதன்கீழே இரண்டு பேர். ஒருத்தி ஒற்றைக் காலில் நிற்கிறாள், மற்ற காலை அதன்மேல் வைத்துக்கொண்டு. பேருந்து வர நேரமானால் அப்படி நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். குடை முழுவதும் அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது. சுருட்டைமுடிக்காரி பாதி நனைகிறாள். எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியதாலோ என்னவோ, கண்ணில் நீர் வந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். இப்படித்தான் நன்றாக இருக்கிறது என்று நெட்டை சொல்வது சரிதான், அதை எழுத எனக்குக் கை வரவில்லை என்றாலும். படகாக இருக்கும்போது படம் அலுங்காமல் உட்கார்கிறது. குடையாகத் திருப்பினால் மேல்பக்கம் கனக்கும், மெல்லிய கால்கள் தாங்குமா என்று பயமாக இருக்கும். ஆனால் மழையில் நின்றால் அப்படித்தானே இருக்கும்? அந்தக் கனத்தை மாசக்கணக்காக நீ தப்பு என்று நினைத்திருக்கிறாய். அதுதான் படமே என்று எனக்குத் தோன்றுகிறது.

திருப்பிவிடு. துறைமுகத்துக்காரர்களிடம் உண்மையைச் சொல். வேண்டாம் என்றால் போகட்டும். இதில் என் பொறாமை எவ்வளவு கலந்திருக்கிறது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கழித்துக்கொண்டு முடிவு செய். ஊரே அதைப் படகு என்று கைதட்டிக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. இதைக் கேட்கத்தான் எழுதவே உட்கார்ந்தேன், பக்கம் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கல்லூரி முடிந்தபிறகு முதல்முறையாக ஒரு படம் ஆரம்பித்திருக்கிறேன். அம்மா மொட்டைமாடியில் துணி உலர்த்துவது. வெள்ளைப் புடவைதான் பாதிப் படம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. கவிழ்த்துப் பார்த்தாயிற்று, பார்த்துப் பார்த்து என் கண் மரத்துப்போய்விட்டது. நீ வந்து பார்க்க வேண்டும். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று சொல்ல வேண்டும்.

நெட்டை நல்லவள்தான், நன்றாகவும் பார்க்கத் தெரிந்தவள். இன்னொரு நாள் அவளுக்கும் காட்டுகிறேன். இந்த ஒரு தடவை மட்டும் அவளிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு, நீ தனியாக வா.

பூனை