பிரிந்திருந்த வருஷங்களும் சேர்த்தி

ஆஹென்,
9.8.1977

அன்புள்ள வேதாவுக்கு,

நலம். நீ உன் அப்பாவுக்கு எழுதியது வந்தது. வழக்கம்போல் அடியில் இரண்டு வரி எழுதி, இங்கிருந்தே கும்பகோணத்துக்குத் தபாலில் போட்டுவிட்டேன். நாம் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

போன மாதம் முதல் இங்கே ஜெர்மனியில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. டைவர்ஸ் ஆனால், புருஷன் சேர்த்த கவர்ன்மென்ட் பென்ஷனில் மனைவிக்கும் பங்கு உண்டாம். கல்யாணத்திலிருந்து மனு கொடுக்கும்வரை கணக்கு. பிரிந்திருந்த வருஷங்களும் சேர்த்தி. ஆகவே இப்போதைக்கு மனு வேண்டாம். நான் ரிடயர் ஆகும்வரை இப்படியே இருந்தால் உனக்குக் கூடுதலாக வரும். உன் ஆஸ்பத்திரிச் சம்பளத்துக்கு என்ன பென்ஷன் கிடைத்துவிடப் போகிறது?

ரகுநாதன்


ஹம்,
28.8.1977

அன்புள்ள உங்களுக்கு வேதவல்லி அநேக நமஸ்காரம்.

நான் இங்கே தனியாக, நீங்கள் அங்கே தனியாக. இதையும் கல்யாணம் என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்கிறார்களா? பரவாயில்லை, அவர்களாவது ஒப்புக்கொள்கிறார்களே.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு வாயைத் திறக்கவே வேலையில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் பூனையோடு பேசுவது சுவர் வழியாகக் கேட்கும். ரயிலில் மூன்று மணி நேரம்தானே, நவராத்திரிக்கு ஒரு நடை வாருங்களேன். பென்ஷனைப் பற்றி நேரிலேயே பேசிக்கொள்ளலாம். சுண்டல் செய்கிறேன்.

உங்கள் வேதா


ஆஹென்,
11.10.1977

அன்புள்ள வேதாவுக்கு,

லாபரட்டரியில் வேலை பெண்டு நிமிர்கிறது. வர முடியவில்லை, தப்பாக நினைக்காதே.

விசாரித்தேன். பங்கு கேட்கும்போது கல்யாணத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். கோயில் கல்யாணத்துக்கு ரிஜிஸ்தர் ஏது? ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகையை வரவழைத்து வை. பின்னால் உதவும்.

ரகுநாதன்


ஹம்,
24.1.1978

நமஸ்காரம்.

அப்பாவின் காரியங்கள் முடிந்துவிட்டதாகத் தங்கை அம்பிகா எழுதியிருக்கிறாள். இனி நாம் சேர்ந்து கடிதம் போட யாருமில்லை.

மனு கொடுத்துவிட்டேன். கோர்ட்டிலிருந்து உங்களுக்கும் வரும். கல்யாணப் பத்திரிகையை வக்கீல் ஜெர்மனில் மொழிபெயர்த்து வாங்கிக்கொண்டார். பங்கை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது என் உரிமை. பொறுத்திருந்தால் கூடும் என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள்மேல் கோபமில்லை. தந்தி வந்த அன்று உங்களுக்கு போன் செய்தேன். அப்பா போய்விட்டார் என்று மட்டும் சொன்னேன். "புறப்பட்டு வரட்டுமா" என்று கேட்பீர்கள் என்றுதான் ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றேன். நீங்கள், "துக்கத்தில் அவசரப்பட்டு மனு கினு கொடுத்துவிடாதே, பென்ஷன் குறைந்துவிடும்" என்றீர்கள்.

மறுநாள் காலையில் போய்க் கொடுத்தேன்.

வேதவல்லி